கோழிக்கூடும் நரியும்

கோழி வளர்ப்போர்க்கு நரியினும் பெரும்பகை தம் மறதியேயாம். எம் இளமையில் ஓரிரவு கூட்டினைத் தாழிட மறந்தோம். விடியலில், இருந்த எட்டுக் கோழிகளுள் ஏழு மாண்டு கிடந்தன. நரி கொண்டுசென்றது ஒன்றே. வயிறு நிறைதல் கொல்லும் உணர்ச்சியை அடக்குவதில்லையென்றும், தப்பியோடாத இரை முன்னிருக்குங்காறும் கொலை தொடருமென்றும் ஹான்ஸ் குரூக் என்னும் விலங்குநூலார் 1972இல் விளக்கினர்.

ஆதலின் காவல் முறைகளைக் கூறுவாம். முதலாவது, நரி வேலியடியைத் தோண்டி நுழையும். ஆதலால் கம்பிவலையை நிலத்துள் ஓரடி இறக்குக. பாறை நிலமாயின் வெளிப்புறமாக ஒன்றரை அடி பரப்பிக் கல்லேற்றுக. இரண்டாவது, மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நரியின் பல்லுக்கு நில்லாது. ஓரங்குலத்திற்கு மிகாத கண்களையுடைய, பற்றவைத்த தடித்த கம்பிவலையே தக்கது. மூன்றாவது, நரி வேலியேறவும் வல்லதாதலின் மேலேயும் வலையிட்டு மூடுக. நான்காவது, அந்திக்கு முன்னரே கோழிகளை அடைத்துத் தாழிடுக. சிந்திய தீனியையும் செத்த கோழியையும் கூட்டருகே விட்டுவையற்க.

நஞ்சும் கண்ணியும் வைத்தல் தகாது. நரியும் குள்ளநரியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவன. வயலெலிகளைத் தின்று உழவர்க்கு உதவுவனவுமாம். இரை தேடுதல் நரியின் தொழில். தாழிடுதல் நம் தொழில்.