குரவையும் கும்மியும்

சிலப்பதிகாரம் பயில்வோருட் பெரும்பாலோர் ஆடலைப்பற்றி அறிய அரங்கேற்று காதையையே நாடுவர். மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது; எழினிகள் மூன்று; அவள் பெற்ற பரிசில் 1008 கழஞ்சு பொன். இவற்றைத் தேர்வின்பொருட்டு மனனஞ் செய்த யாம், ஆய்ச்சியர் குரவையை அடைந்தபோது சிறிது திகைத்தோம். ஆண்டு அரங்கின் அளவில்லை, எழினியில்லை, பரிசிலுமில்லை. ஆண்டு உள்ளது அச்சமே.

கொலைக்களக் காதையை அடுத்து அக்குரவை நிற்கின்றது. கோவலன் மாண்ட செய்தி ஆயர் சேரியை இன்னும் எட்டவில்லை. ஆயினும் பால் உறையவில்லை, ஏற்றின் கண் நீர் சொரிகின்றது, வெண்ணெய் உருகவில்லை, ஆக்கள் நடுங்குகின்றன, மணிகள் அற்று வீழ்கின்றன. முதுமகள் மாதரி தீங்கு வருவதை உணர்கின்றாள். ஆனால் அஃது எது என்று அறியாள். ஆவும் கன்றும் உற்ற துயர் நீங்குதற்குக் குரவையாடுவோம் என்று தன் மகள் ஐயையை அழைக்கின்றாள். எழுவர் மகளிர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களைச் சூட்டி, அவர்களை வட்டமாக நிறுத்துகின்றாள். குரல் மாயவனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் நப்பின்னையாகவும் நிற்ப, அனைவரும் கைகோத்து ஆடுகின்றனர். வட்டத்திற்குப் புறத்தே நின்று காண்பவள் கண்ணகி. அவளை மகிழ்விக்க எழுந்த ஆடல் அன்று அது. செய்வதறியாத எளியோர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டதே அது.

கூத்தினை வேத்தியல், பொதுவியல் எனப் பகுத்தோர் கருத்தை யாம் அன்றுதான் ஒருவாறு உணர்ந்தோம்.

இன்று நம் சிற்றூர்களில் ஆடும் கும்மி அக்குரவையின் வழிவந்ததே என்று உறுதி கூற யாம் துணியோம். ஆயினும் வட்டம் ஒன்றே. அம்மன் திருவிழாவில் முளைப்பாரியை நடுவே வைத்து மகளிர் உள்முகமாக நின்று சுற்றிவருவர். ஒருத்தி பாட்டெடுக்க மற்றையோர் பின்பாடுவர். மத்தளமும் வேண்டா, குனிந்தும் நிமிர்ந்தும் கொட்டும் கைகளே தாளம். கை பிசகினால் அயலில் நிற்பவளே திருத்துவாள். ஆடுவோர் முகம் ஆடுவோரையே நோக்கும். காண்போர்க்குக் கிடைப்பது முதுகே.

இதனாலன்றோ கல்லூரி விழாக்களில் கும்மியை மேடையேற்றுவோர் அவ்வட்டத்தைப் பாதியாக அறுத்து, ஆடுவோரைச் சபையை நோக்கி நிறுத்துகின்றனர்! பெரியோர்க்கு முதுகு காட்டல் ஆகாது என்னும் மரியாதை அது. காட்சி அழகியதே, கும்மிதான் அங்கில்லை.

ஆனால் வட்டத்திற்கும் ஒரு குறையுண்டு: உள்ளே நிற்போர் உளரேல் புறத்தே நிற்போரும் உளர். கொங்குநாட்டு வள்ளி ஒயில் கும்மி முருகன் வள்ளி கதையைப் பாடியாடுவது. வள்ளியின் பெயர் தாங்கியும் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாய் நின்றது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன் அவர்கள் மகளிர்க்கும் அதனைப் பயிற்றினார். 2024ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

கிறிஸ்தவராகிய நம் நிலை வேறு. நம்மை எவரும் தள்ளவில்லை. நம் முன்னோரே விலகினர். அம்மன் முளைப்பாரியைச் சுற்றுதல் தம் விசுவாசத்திற்கு ஒவ்வாது என்று அவர்கள் கருதியதை யாம் குறைகூறோம். ஆனால் வழிபாட்டை விட்டவர் ஆடலையும் உடன் விட்டனர். செங்கடலைக் கடந்த மிரியாமும் அவள் பின்சென்ற மகளிரும் ஆடினர். உடன்படிக்கைப் பெட்டியின்முன் தாவீது ஆடினான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நாட்டார்க்கு இனிய குறவஞ்சியைத் தள்ளாது, பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அப்பெரியார்க்கு இருந்த துணிவு நம் ஊர்ச் சபைகட்கு ஏனோ வாய்க்கவில்லை.

எம் பாட்டியார் இளமையில் கும்மிக்குப் பாட்டெடுத்தவர். ஞானஸ்நானம் பெற்றபின் வட்டத்துள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. சென்ற ஆண்டு ஊர்த்திருவிழாவின்போது எம் வீட்டுத் திண்ணையில் அவருடன் அமர்ந்திருந்தோம். தெருமுனையில் பாட்டெடுத்த சிறுமி அடுத்த அடியை மறந்து நின்றாள். பாட்டியார் அதனை இருந்த இடத்திலிருந்தே உரக்கப் பாடினார். வட்டம் மீண்டும் நகர்ந்தது. அவர் கைகள் மடிமீது மெல்லக் கொட்டிக்கொண்டிருந்தன.