மூன்று மாதம் பொறுத்திருந்தால் மார்பு வளருமா?

மார்பகத்தைப் பெரிதாக்கும் என்று விற்கப்படும் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதோடு ஓர் அறிவுரையும் சேர்ந்தே வருகிறது. மனம் தளராதீர்கள், நல்லதையே நினையுங்கள், ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள், மூன்று மாதத்தில் பலன் தெரியும். களிம்பு, எண்ணெய், சூரணம், மாத்திரை, உறிஞ்சு பம்பு என்று பொருள் மாறும். இந்த அறிவுரை மாறுவதே இல்லை. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று எந்த ஊரில் இருந்தாலும் கைப்பேசியில் ஒரு பெண் ஒருமுறை தேடிவிட்டால் போதும், விளம்பரம் அவளை விடாமல் துரத்தும். பொட்டலம் கூரியரில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

விற்பவர்களின் உண்மையான சரக்கு அந்த அறிவுரைதான் என்று நான் நினைக்கிறேன். பலன் கிடைக்கவில்லை என்றால் களிம்பு மேல் தப்பில்லை, நீ நம்பிக்கையோடு செய்யவில்லை, நடுவில் விட்டுவிட்டாய் என்று ஆகிவிடுகிறது. காசும் போய், குறையும் தன்னிடம்தான் என்று ஒரு பெண்ணை நினைக்க வைக்கிற ஏற்பாடு இது. அதனால் இந்த வாரம் மார்பகத்தைப் பற்றி நம் பக்கத்தில் புழங்கும் சில நம்பிக்கைகளை எடுத்துக்கொள்கிறேன்.

“விடாமல் தேய்த்தால், பிடித்துவிட்டால் வளரும்”

வளராது. மார்பகம் பால் சுரப்பிகளும், பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும், அவற்றைச் சுற்றிய கொழுப்பும், தாங்கிப் பிடிக்கும் நார்த்திசுவும் சேர்ந்தது. சராசரியாக 15 முதல் 20 சுரப்பி மடல்கள் இருக்கும். சிறிய மார்பு, பெரிய மார்பு என்று நாம் பார்க்கும் வித்தியாசம் பெரும்பாலும் கொழுப்பின் அளவில் இருக்கிறது. அந்த அளவைத் தீர்மானிப்பவை பரம்பரை, உடல் எடை, வயது, ஹார்மோன், பிள்ளைப்பேறு. தேய்ப்பதும் பிடித்துவிடுவதும் இந்த ஐந்தில் எதையும் மாற்றாது. தேய்க்கும்போது இரத்த ஓட்டம் கூடித் தோல் சிவந்து கொஞ்சம் விம்மினாற்போலத் தெரியும். சற்று நேரத்தில் வடிந்துவிடும்.

அப்படியானால் “எனக்குப் பலன் கிடைத்தது” என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. இதைத்தான் நாம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் ஏற்றத்தால் மார்பில் நீர் கோத்து அளவு கூடும், வந்தபின் குறையும். மாதவிடாய் முடிந்ததும் ஒருமுறை அளந்து, பிறகு அடுத்ததற்கு முந்தைய வாரத்தில் அளந்தால், களிம்பு தடவாவிட்டாலும் நாடா கூடுதலாகத்தான் காட்டும். மூச்சை இழுத்துக்கொண்டு அளந்தால் இன்னும் கூடும். சூரணத்தோடு பால், நெய், முட்டை சாப்பிடச் சொல்வார்கள். மூன்று மாதத்தில் எடை கூடினால் மார்பிலும் கொஞ்சம் கொழுப்பு சேரும். அந்தப் பெருமை முட்டைக்குப் போக வேண்டியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வயது. பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் மார்பு அரும்பத் தொடங்குகிறது. பலருக்கு முதலில் ஒரு பக்கம்தான் அரும்பும். வளர்ச்சி முழுமையாகப் பல ஆண்டுகள் ஆகும். 17, 18 வயது வரைகூடப் போகலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு “ஒண்ணுமே இல்லையே” என்று அம்மாவோ அத்தையோ கவலைப்பட்டு ஏதாவது வாங்கிக் கொடுத்தால், அது வேலை செய்தது போலத்தான் தெரியும். தானாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை அவள். 13 வயது முடிந்தும் அரும்பவே இல்லை, 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். மற்றபடி அந்தப் பேச்சை அந்தப் பிள்ளையின் காதில் விழாமல் நிறுத்துவது பெரியவர்களின் பொறுப்பு.

“சட்டப்படிதானே விற்கிறார்கள்”

1954-ல் நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தை இயற்றியது. குணமாக்குவோம், மாற்றிக் காட்டுவோம் என்று எந்தெந்த நோய்களுக்கும் நிலைகளுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. மொத்தம் 54 இனங்கள். புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றோடு பெண்களின் மார்பக வடிவமும் அமைப்பும் அதே வரிசையில் இடம்பெற்றிருக்கின்றன. முதல் முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். மார்பை வளர்க்கிறேன் என்று மருந்து விளம்பரம் செய்வது எழுபது ஆண்டுகளாக இந்த நாட்டில் குற்றம். கைப்பேசித் திரையில் வருவதால் அது குற்றமில்லாமல் போய்விடாது.

“மூலிகைதானே, கெடுதல் செய்யாது”

வெந்தயத்திலிருந்து தொடங்குவோம். சமையலில் சேர்க்கும் வெந்தயம் நல்லது. ஆனால் அது மார்பை வளர்க்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. கைப்பிடி கைப்பிடியாக நாள்தோறும் விழுங்கினால் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழலாம்; இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து கூடலாம்.

மார்பின் திசுவை உண்மையிலேயே வளர்க்கக்கூடியது ஹார்மோன். பூப்பெய்தும்போதும் கருவுறும்போதும் நடப்பது அதுதான். திருநங்கையர் மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையும் அவ்வழியில்தான் வேலை செய்கிறது. மருத்துவர்கள் அதை இரத்தப் பரிசோதனை பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆக, பெயர் ஒட்டாத ஒரு பொடி நிஜமாகவே வேலை செய்தால்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். உடல் தேற என்று ஸ்டீராய்டு கலந்து கொடுத்தால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதைச் சதை போட்டுவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள்.

நம் பக்கத்தில் பிள்ளை சமைந்தால் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி போட்டால் இன்னும் ருசி. உளுந்தில் புரதம் இருக்கிறது. வளர்கிற உடம்புக்கு அது வேண்டும். மார்புக்காகக் கொடுக்காதீர்கள், பிள்ளைக்காகக் கொடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்வதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. கவலைப்பட வேண்டிய அளவு அதுதான்.

“உடற்பயிற்சி செய்தால் எடுப்பாகும்”

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. மார்பகத்துக்குள் தசை கிடையாது. அதற்கு அடியில், விலா எலும்பின் மேல் பெரிய மார்புத்தசை இருக்கிறது. பயிற்சியால் அது உறுதியாகும், நிமிர்ந்த நிலை வரும். மார்பகம் வளராது. உடம்பின் கொழுப்பு குறைந்தால் மார்பு சிறுக்கவும் செய்யும்.

பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் கடற்கரைகளில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்தால் இது விளங்கும். புடவைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் பாசிகளைப் பறிக்கிறார்கள். தோளும் கையும் இரும்பாக இருக்கும். உடம்பில் சதை தங்காது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பெண்களையும் இந்தக் கடலையும் காக்க உழைத்ததற்காக. அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் கைப்பேசிக்கும் இதே விளம்பரம்தான் வருகிறது, உன் உடம்பு போதாது என்று. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இந்த வேலை செய்பவர்களுக்கு மார்பு சம்பந்தமாக உண்மையாகவே வரக்கூடிய தொல்லை வேறு. ஈரத் துணியோடு மணிக்கணக்கில் இருந்தால் மார்புக்குக் கீழ் மடிப்பில் படர்தாமரை போலப் பூஞ்சை வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே நிற்கும், தோல் மெலியும், தொற்று உள்ளே பரவும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணி போடுவதும், சரியாகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவதும்தான் வழி.

“அறுவை சிகிச்சை பணக்காரர்களுக்கும் நடிகைகளுக்கும்தான்”

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இலவச அறுவை சிகிச்சை தரும் பிரிவை அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கூடாது என்பது அவர் பக்கத்து வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று பொது சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

புற்றுநோயால் மார்பை இழந்தவருக்கும், இரண்டு மார்புக்கும் பெரிய வித்தியாசம் உள்ளவருக்கும், மார்பின் கனத்தால் தோளும் முதுகும் வலித்து நிமிர முடியாதவருக்கும் அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைப்பது நியாயம் என்பேன். அளவைப் பெரிதாக மாற்ற வழி இருக்கிறது என்றால் அது இந்த அறுவை சிகிச்சைதான். மயக்க மருந்து, தழும்பு, உள்ளே வைக்கும் சிலிக்கானைச் சுற்றித் திசு இறுகுதல், பிற்காலத்தில் மாற்ற வேண்டிய தேவை என்று அதற்கும் விலை உண்டு. பெண் பார்க்க வரும் வீட்டாருக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

“சின்ன மார்பில் பால் பத்தாது”

பிள்ளை பெற்ற பெண்ணை அழ வைக்கும் பேச்சு இது. பால் சுரப்பது சுரப்பித் திசுவில். அளவைக் காட்டுவது கொழுப்பு. குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து புரோலாக்டினும் ஆக்ஸிடோசினும் சுரந்து பால் ஊறும், இறங்கும். சிறிய மார்பில் ஒரு வேளைக்குத் தேங்கும் பால் குறைவாக இருக்கலாம். குழந்தை அடிக்கடி குடித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலில் தொடங்கி, கேட்கும்போதெல்லாம் கொடுப்பதுதான் பாலைக் கூட்டும் வழி.

பால் ஊறும் என்று கொடுக்கும் பால்சுறாப் புட்டு? பூண்டு தட்டிப் போட்டுக் கொடுங்கள், நல்ல புரதம். பாலைச் சுரக்க வைக்கும் தனிப் பொருள் அதில் இருப்பதாகச் சான்று இல்லை. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், பால் கொடுப்பவர்களுக்கு சாளை, காரல், நெத்திலி போன்ற சிறு மீன்கள் இன்னும் பத்திரம். பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்பதும் சரியில்லை. தொய்வுக்குக் காரணம் வயது, உடல் எடை, எத்தனை முறை கருவுற்றார், புகைபிடித்தல் ஆகியவை என்றும் தாய்ப்பால் கொடுப்பதல்ல என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

“வலி இல்லாத கட்டி ஒன்றும் செய்யாது, நல்லதையே நினை”

இந்த இடத்தில்தான் அந்த மூன்று மாத அறிவுரை உயிரோடு விளையாடுகிறது. நாள்தோறும் களிம்பு தேய்க்கும் பெண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் பெருத்தால், வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று தோன்றும். கைக்கு ஒரு கடினமான முடிச்சு தட்டுப்பட்டால் சதை பிடிக்கிறது என்று நினைப்பாள். இரண்டு மார்பும் சிறுவயதிலிருந்தே கொஞ்சம் வேறுபட்டிருப்பது இயல்பு. புதிதாக ஒரு பக்கம் மாறுவது இயல்பில்லை. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாத கட்டி, புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் இரத்தக்கசிவு, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்த தோல், அக்குளில் கட்டி: இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு விரலுக்கு நழுவும் சாதாரண நார்க்கட்டி அதிகம். ஆனால் அது எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை ஏறத்தாழ 1,50,000 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-ல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்த குழுவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இயந்திரம் இல்லை, பயிற்சி பெற்ற கை மட்டுமே.

அந்தக் கை நம் ஊரிலும் இருக்கிறது. 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் முன்போல மதுரைக்கே ஓட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாதவிடாய் முடிந்து சில நாட்கள் கழித்துப் போவது நல்லது. அப்போது மார்பில் நீர்க்கோப்பு இருக்காது, பரிசோதிப்பதும் எளிது. கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம். துணைக்கு மதினியையோ ஓரகத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களும் முப்பதைக் கடந்திருந்தால் அதே நாளில் அவர்களுக்கும் பார்த்துவிடலாம்.