நீர்வழியும் நிலவழியும்

போக்குவரத்து என்றவுடன் பேருந்தையும் தொடர்வண்டியையுமே நாம் எண்ணுகின்றோம்; அவற்றைத் தாங்கும் பாலத்தையும் மதகையும் எண்ணுவதில்லை. பெருமழை வந்தே அவற்றை நமக்கு நினைவூட்டுகின்றது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. வளவனூருக்கு வடக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள 452ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடக்கவே, அவ்வழித் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. தென்பெண்ணை பெருக்கெடுக்க, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையும் நீரில் மூழ்கியது. விழுப்புரம் முடங்கினால் வளவனூர் மாணவர்க்குச் சென்னை தொலைவாகிவிடும். அன்றாடக் கூலிக்குச் செல்வோர்க்கோ அன்றைய உலையே ஏறாது.

தற்காலிகச் சீரமைப்பிற்கு 2,475 கோடி ரூபாய் வேண்டுமென மாநில அரசு மதிப்பிட்டது. டிசம்பர் 6இல் மத்திய அரசு பேரிடர் நிதியிலிருந்து விடுவித்ததோ 944.80 கோடி. இது அழிவிற்குப் பின் வரும் பணம். வாய்க்காலைத் தூர்வாரவும் சிறுபாலத்தை அகலப்படுத்தவும் முன்னரே ஒதுக்கவேண்டிய சிறுதொகையில் சிக்கனம் காட்டினால், பின்னர்ப் பெருந்தொகையும் போதாது.

நீரைத் தேக்கி வைத்தல் வேந்தன் கடமை எனப் பாண்டியனுக்கு உரைத்தார் புறநானூற்றுப் புலவர் குடபுலவியனார். நீர்வழியைக் காத்தலே நிலவழியைக் காத்தலுமாகும்.

மாணவர்களே! வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர் மதகுகளைப் பாருங்கள். நீரோடிய பழைய தடங்களைப் பெரியோரிடம் கேளுங்கள். அடைப்பு கண்டால் உள்ளாட்சி அலுவலகத்திற்கு எழுதுங்கள். அதுவும் கல்வியே.