மாம்பழத்தால் வந்ததா?

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்ததில் 156 வந்திருக்கிறது. “மாம்பழமாகத் தின்று தீர்த்தாய், அதுதான்” என்கிறார் மாமியார். என் தப்புதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லையம்மா. அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரையின் தொடக்கம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்தும். பிள்ளைக்குச் சர்க்கரை தடையில்லாமல் போய்ச் சேர வேண்டுமே! ஈடுகட்ட கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். அதற்கு முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

பெற்றோருக்குச் சர்க்கரை நோய், கூடுதல் எடை, சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் வாய்ப்பு அதிகம். எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 140-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா.

அலட்சியமாக விட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். தட்டில் சோற்றைக் குறைத்து, பொரியலையும் சுண்டலையும் கூட்டுங்கள். மருத்துவர் சம்மதித்தால் சாப்பிட்டபின் கொஞ்சம் நடங்கள். பலருக்கு இதுவே போதும். இன்சுலின் போடச் சொன்னாலும் பயப்படாதீர்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது.

பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி ஒரு பரிசோதனை உண்டு. பலர் கைக்குழந்தையோடு அதை மறந்தேவிடுகிறார்கள். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம் என்பதால், தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்.