கருப்பையின் வாயிற்காப்போன்

"மூன்று முறை உண்டாகியும் கரு தங்கவில்லை" என்று வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கனமான குடத்தைத் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள் என்று பழி பெரும்பாலும் அந்தப் பெண்ணின் மீதே விழும். தங்குவது என்றால் என்ன? கருவுக்கு இடம் கொடுப்பது எது? இவற்றை முதலில் பார்ப்போம். பழியைப் பிறகு விசாரிக்கலாம்.

கருப்பை தடித்த தசையாலான ஓர் உறுப்பு. அதன் உட்புறத்தில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வுக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். நாம் உட்சவ்வு என்றே அழைப்போம். மாதவிலக்கின்போது இருபுறமும் சேர்த்து 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே இருக்கும் இச்சவ்வு, அடுத்த சில வாரங்களில் 10 மில்லிமீட்டருக்கும் மேல் வளரக்கூடும். கரு வராவிட்டால் மேலடுக்கு உதிர்ந்து, இரத்தத்துடன் வெளியேறிவிடும். பிறகு மீண்டும் வளரும். தழும்பு எதுவுமின்றி மாதந்தோறும் இவ்வாறு புதுப்பித்துக்கொள்ளும் திசு உடலில் வேறெங்கும் இல்லை எனலாம்.

உடலுக்குள் மறைந்திருக்கும் இந்தச் சவ்வை உயிருள்ள நிலையில் எப்படிக் காண்பது? அமெரிக்க உடற்கூற்றியலார் ஜே. ஈ. மார்க்கீ ஒரு விசித்திரமான வழியைக் கையாண்டார். பெண் குரங்கின் உட்சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணில் விழிவெண்படலத்துக்குப் பின்னுள்ள முன்னறையில் பதித்தார். அவ்வறை, தெளிந்த நீர் நிரம்பிய ஒளிபுகும் பெட்டிதான். (ஒளியியல் நடத்தும் எனக்கு, இதைப் படித்த நாளிலிருந்து கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம் அந்தக் குரங்கு நினைவுக்கு வருகிறது.) துணுக்குகள் அங்கே வேரூன்றி, குரங்கின் மாதச் சுழற்சிக்கேற்ப வளர்ந்தன, சுருங்கின, குருதி கசிந்தன. சுருள் வடிவான சிறு தமனிகள் இறுகி, இரத்த ஓட்டம் தடைப்பட்ட பிறகே உதிர்வு நேர்கிறது என்பதை அவர் உருப்பெருக்கி வழியே நேரில் பார்த்து, 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். கருப்பையிலிருந்து வெகு தூரத்தில், கண்ணுக்குள் இருந்தபோதும் சவ்வு தன் முறையை மறக்கவில்லை. அப்படியானால் அதை ஆட்டிவைக்கும் கட்டளை இரத்தத்தின் வழியே வருகிறது என்று ஆகிறதல்லவா?

அந்தக் கட்டளைகளே ஹார்மோன்கள். சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் சவ்வை வளர்க்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. செல்கள் பருத்து, ஊட்டப் பொருள்களைச் சேமிக்கின்றன. சுண்டெலியில் இந்தப் பக்குவம் கரு வந்து தொட்ட பின்னரே தொடங்கும். மனிதரிலோ கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் நடந்துவிடுகிறது. விருந்தாளி வருவாரோ மாட்டாரோ, இலை மட்டும் போட்டாகிவிடுகிறது!

ஆனால் அந்த இலை சில நாட்களுக்கே விரிந்திருக்கும். வட கரோலினாவில் வில்காக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், கருத்தரிக்க விரும்பிய பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து, கரு பதிந்ததும் தோன்றும் ஹார்மோனைத் தேடினர். முடிவுகள் 1999இல் வெளிவந்தன. நிலைத்த கருக்களில் 84 சதவிகிதம், முட்டை வெளிப்பட்ட 8, 9, 10ஆம் நாட்களில் பதிந்தவை. 9ஆம் நாளுக்குள் பதிந்தவற்றுள் ஆரம்பத்திலேயே அழிந்தவை 13 சதவிகிதம். 10ஆம் நாளில் பதிந்தவற்றுள் 26. 11ஆம் நாளில் 52. அதற்கும் பிந்தியவற்றில் 82. இவ்வளவு ஒழுங்காக ஏறும் எண்களைக் கண்டால் யாருக்கும் வரைபடம் போடத் தோன்றும். போட்டுப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: தாமதத்துக்குக் காரணம் குறையுள்ள கருவா, மூடத்தொடங்கிய சவ்வா என்பதை இவ்வெண்கள் தனியே பிரித்துச் சொல்லா.

குறையுள்ள கரு என்றேன். ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம், கருவில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருப்பதே. அத்தகைய கரு வளர இயலாது. ஆகவே, வருவதையெல்லாம் ஏற்கும் மண்ணாக இருப்பதைவிட, ஆராய்ந்து விடும் வாயிற்காப்போனாக இருப்பதே உட்சவ்வுக்கு நல்லது. உண்மையில் அது ஆராய்கிறதா?

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன், நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்தனர். உட்சவ்வுச் செல்களைத் தட்டில் வளர்த்து, நடுவே வெற்றிடம் விட்டு, அங்கே ஒரு கருவை வைத்தனர். இயல்பான கருவளம் உள்ள பெண்களின் செல்கள் நல்ல கருவை நோக்கி நகர்ந்தன; தரம் குறைந்த கருவை நோக்கி நகரவில்லை. தொடர்ந்து கருச்சிதைவு கண்ட பெண்களின் செல்களோ இரண்டையும் நோக்கி ஒன்றுபோலவே ஓடின! இதிலிருந்து எழுந்த கருத்து நம்மைத் திகைக்க வைக்கிறது. அப்பெண்களில் சிலருடைய கருப்பை கருவை மறுக்கவில்லை. மறுக்க வேண்டியதையும் ஏற்றுவிடுகிறது. வாயிற்காப்போன் மிகக் கண்டிப்பானவனானால் கருத்தரிப்பதே அரிதாகும். மிக இளகியவனானால் கருத்தரிப்பு எளிது, இழப்பும் அடிக்கடி நேரும். சோதனைக்குச் செல் தந்தவர்கள் மிகச் சிலரே ஆதலால் இதைக் கருதுகோள் என்றே கொள்ளவேண்டும்.

புரொஜெஸ்டிரோன் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். மருத்துவர்களும் அதைத்தான் கேட்டனர். காரணம் தெரியாமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவிழந்த 836 பெண்கள் பங்குகொண்ட ஒரு சோதனை பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்தது. ஒரு பகுதியினருக்கு மருந்து. மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள போலி மருந்து. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. 2015இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் குழந்தை பெற்றவர்கள் 65.8 சதவிகிதம், போலி மருந்து பெற்றவர்களில் 63.3. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தக் கசிவும் கண்டவர்களுக்கு இம்மருந்து பயன்படலாம் என்று 2019இல் வேறொரு பெரிய சோதனை காட்டியது. அது தனிக் கதை.

அந்த 63.3 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ கருவை இழந்து, மருந்தே இல்லாத மருந்தை வாங்கிக்கொண்ட அப்பெண்களில் மூவரில் ஏறக்குறைய இருவர், அடுத்த முறை குழந்தையோடு வீடு திரும்பினார்கள். கரு தங்கவில்லை என்று தாழ்ந்த குரலில் பேசும் வீட்டில் இந்த எண்ணைச் சற்று உரக்கவே சொல்லலாம்.