எஞ்சும் பணம் யாருக்கு?

யானைக்கவுனிக்குக் கிழக்கே, ஜார்ஜ் டவுனின் சைவ முத்தையா முதலி தெருவில் சீனிவாச இராமானுஜனின் குடும்பம் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவருக்கு மாத ஊதியம் 30 ரூபாய். தாள் வாங்கப் பணமில்லை. சரக்குகளைச் சுற்றிவந்த பழைய தாள்களிலும் கணக்கு எழுதினார்.

அவருடைய கணித மேதைமையை உலகம் அறியும். அவருடைய கடிதமொன்றை அறிந்தோர் சிலரே. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இராயல் கழக உறுப்பினரானார். அவ்வாண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அப்போது அவர் இலண்டன் மருத்துவ இல்லமொன்றில் நோயுற்றுக் கிடந்தார். 1919 சனவரி 11 அன்று பல்கலைக்கழகத்துக்கு மறுமொழி எழுதினார். தாயகம் திரும்பியபின் இத்தொகை தம் தேவைக்கு மிகுதியாகும் என்றார். பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளிக்க வேண்டினார். தம் செலவுபோக எஞ்சுவதைக் கொண்டு ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் கேட்டுக்கொண்டார்.

கட்டணத்தின் சுமை அவருக்குப் புதிதன்று. கும்பகோணம் அரசு கல்லூரியில் கணக்கிலேயே மூழ்கி, பிற பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தவர் அவர். கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்துக்கு இல்லை, படிப்பு நின்றது. அந்நாளில் அவருக்குக் கிட்டாத உதவியையே பிறர் பிள்ளைகளுக்காகக் கேட்டார்.

மார்ச்சில் தாயகம் திரும்பினார். மனைவி ஜானகி உடனிருந்து பேணினார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில், சேத்துப்பட்டில் காலமானார்.