அஸருக்குப் பின் ஒரு மணி நேரம்

 

மதுரையை அடுத்த ஊர் ஒன்றில் மக்தபில் ஓதிக் கொடுத்து வருகிறேன். சென்ற ரமளானில் பிள்ளைகளுக்கு ஜகாத்தின் பாடம் நடத்தினேன். நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையிடம், "நாலு லட்சம் ரூபாய்க்கு எவ்வளவு ஜகாத் வரும்?" என்று கேட்டேன். தஜ்வீது பிசகாமல் ஓதக்கூடிய பிள்ளை அவன். தலையைக் குனிந்துகொண்டான். "ஹஜ்ரத், எனக்கு வகுத்தல் வராது" என்றான்.

ஆறு வருடங்களாக அவன் என் முன்னால் உட்கார்ந்து ஓதுகிறான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள் என்று நான் இருந்துவிட்டேன். ஹஜ்ரத் கவனித்துக்கொள்வார் என்று அவனுடைய அத்தா இருந்துவிட்டார். அவரிடம் பேசியபோது, "படிப்பு ஏறவில்லை, எட்டு முடிந்ததும் கடையில் சேர்த்துவிடப் போகிறேன்" என்றார். ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்படிச் சத்தமில்லாமல் முடிவாகிக்கொண்டிருந்தது!

"மக்தப் தீனைக் கற்பிக்கும் இடமாயிற்றே, அங்கே கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பத்ரை நினைத்துப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) நடந்த அந்தப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில், ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே அவர்களுடைய விடுதலைக்கு ஈடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கற்பித்ததும் வெறும் எழுத்துத்தான். ஆனால் அப்படிக் கற்ற பிள்ளைகளில் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று இப்னு ஸஅது எழுதுகிறார்கள். பிற்காலத்தில் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டி எழுதியது அந்தக் கைதான்! வாரிசுரிமைக் கணக்காகிய ஃபராயிளில் தலைசிறந்தவரும் அவர்களே. அன்று எழுத்து வேறு, தீன் வேறு என்று பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பிள்ளைகள் படித்ததை மறந்துபோன பின், தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 27.10.2021 அன்று தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை, மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்களே அமர்த்திக் கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையும் மரத்தடியும் வகுப்பறை ஆயின. அரசின் திட்டம் கூடலாம், குறையலாம். திண்ணை நம்முடையது அல்லவா?

ஆகவே வாரத்தில் மூன்று நாள் மட்டும், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். மற்ற நாட்கள் விளையாட்டுக்கு. நாங்கள் செய்தவற்றில் பயன் தந்தவை இவை:

1. முதலில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் பத்து வரி படிக்கட்டும். எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். அதற்காகப் பரிகாசம் செய்யாதீர்கள்.

2. பின்னக் கணக்கை ஃபராயிள் வழியே கொடுங்கள். ஒருவர் மனைவி, மூன்று ஆண்மக்கள், ஒரு பெண்மகள் ஆகியோரை மட்டும் விட்டு மௌத்தானார். கடன், வஸிய்யத் போக எட்டு ஏக்கர் நஞ்சை மிஞ்சியது. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர். மீதி ஏழு ஏக்கரில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆகவே ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு ஏக்கர், மகளுக்கு ஒரு ஏக்கர். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை, தன் சகோதரியின் பங்கை நாளை மறுக்கக் கூசும்.

3. நிழலை அளக்கச் செய்யுங்கள். ஒரு கம்பை நட்டு, உச்சிவேளை நிழலைக் குறித்துக்கொள்ளட்டும். அதற்குமேல் கம்பின் நீளத்துக்கு ஒரு மடங்கு நிழல் நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபில் அஸர். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். அப்போது பகல் 12 மணி 17 நிமிட அளவில் கம்பின் நிழலே காணாமல் போகும். ஏன் என்று பிள்ளை கேட்டால், விஞ்ஞானப் பாடம் தானே தொடங்கிவிடும்.

4. மாதம் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். புது நத்தம் சாலையில் 15.7.2023 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கீழடி அருங்காட்சியகமும் தூரமில்லை. திரும்பி வந்ததும் கண்டதைப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பட்டம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் அடுப்படியோடு இருக்கிறார்கள். தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் வாசலில் பாய் விரித்தால் போதும். எட்டாம் வகுப்போடு நிற்கவிருக்கும் ஒரு பெண்பிள்ளையாவது மேலே படிக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். முதல் மாணவன் ஆகிவிடவில்லை. ஆனால் வகுத்தல் வருகிறது. அவனுடைய அத்தா தம் கடையின் ஜகாத் கணக்கை இவ்வருடம் அவனையே போடச் சொன்னார். "பத்தாவது வரை பார்ப்போம் ஹஜ்ரத்" என்றார். எனக்கு அது போதும்.

பெற்றோர்களே! இன்று மாலை உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திப் பத்து வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கல்வியை அதிகமாக்கித் தரும்படி துஆ கேட்கக் கற்றுத்தந்த வல்ல நாயன், அதற்கான முயற்சியையும் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.